கை வலிக்காமல் ஒரு காமிக்ஸ்: தனி ஆளாக வரைந்து, அச்சிட்டு, விற்பதற்கு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் மாதம், புத்தகக் காட்சிக்கு இன்னும் மூன்று வாரம்தான். ஒரு நாள் காலையில் பற்பசைக் குழாயை அமுக்க முடியவில்லை. வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் சுரீரென்று ஒரு வலி. ராத்திரி கோணலாகப் படுத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு அன்றும் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு மை போட்டேன். மறுநாள் ஸ்கூட்டர் சாவியைத் திருப்ப இடது கை வேண்டியிருந்தது. அந்த வருடம் புத்தகம் வரவில்லை, அதற்கப்புறம் நாலு மாதம் பென்சிலும் எடுக்கவில்லை.

காமிக்ஸ் செய்வது எப்படி என்று என்னிடம் கேட்பவர்கள் எந்த டேப்லெட் வாங்கலாம், எந்த அச்சகம் நல்லது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதெல்லாம் பின்னால் வரும். தனி ஆளாக வேலை செய்கிறவரிடம் இருக்கும் ஒரே மூலதனம், ஒரு நாளைக்கு அந்தக் கை எத்தனை மணி நேரம் வலிக்காமல் ஓடும் என்பது. நான் அதற்குக் ‘கை மணி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். எத்தனை பக்கம், எப்போது வெளியீடு, எப்படி விளம்பரம், என்ன விலை, எல்லாவற்றையும் அதிலிருந்துதான் கணக்குப் போடுகிறேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: முதலில் கையைப் பாருங்கள்

எனக்கு வந்ததற்கு டி க்வெர்வைன் என்று பெயர். 1895-இல் இதை விவரித்து எழுதிய சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநார்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் போய் வருகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த உறை தடித்து, நார்கள் உள்ளே உரசத் தொடங்குகின்றன. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற விரல்களால் மூடி, முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கொஞ்சம் இழுப்பது எல்லோருக்கும் உண்டு. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி வலித்தால் எலும்பு மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

இதையும் கார்பல் டனலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கார்பல் டனலில் நசுங்குவது மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும், அதிலும் ராத்திரியில் எழுந்து கையை உதறினால்தான் சரியாகும். சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்றால் பெரும்பாலும் விஷயம் முழங்கையில் இருக்கிறது. மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி வரைகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது வரும். கார்பல் டனலுக்குச் சர்க்கரையும் தைராய்டும்கூடக் காரணமாக இருக்கலாம், அதனால் கை மரக்கிறது என்று போகும்போது அந்த இரண்டு இரத்தப் பரிசோதனையையும் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

நான் செய்த தப்பு, வலி வந்த பிறகு இரண்டு மாதம் தைலமும் வலி மாத்திரையுமாக ஓட்டியது. முதலில் பார்த்த மருத்துவர், பெயர் வேண்டாம், ‘கம்ப்யூட்டர் பாக்குறவங்களுக்கு எல்லாம் இப்படித்தான்’ என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாவதாகப் போன இடத்தில், வரையும்போது பென்சிலை எப்படிப் பிடிப்பேன் என்று செய்து காட்டச் சொன்னார்கள். அங்கேதான் கட்டைவிரலோடு சேர்த்து மணிக்கட்டையும் அசையாமல் பிடிக்கும் பட்டை கொடுத்தார்கள், ஓய்வு, அப்புறம் பிசியோதெரபி. சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், அதிலும் சரியாகாத கொஞ்சப் பேருக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை. மருத்துவரிடம் போகும்போது உங்கள் பென்சிலைக் கையோடு எடுத்துப் போங்கள். சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது சுலபம்.

வலி ஆறிய பிறகு நான் மாற்றிக்கொண்டவை சில. பென்சில், ஸ்டைலஸ் எல்லாவற்றுக்கும் தடிமனான ரப்பர் பிடி மாட்டிவிட்டேன். மெல்லிய பென்சிலை இறுக்கிப் பிடிக்கத்தான் கட்டைவிரல் அதிகம் உழைக்கிறது. நீண்ட கோடுகளைத் தோளிலிருந்து இழுக்கிறேன், மணிக்கட்டிலிருந்து இழுப்பதில்லை. முதல் மாதம் கோடெல்லாம் கோணிக்கொண்டு போகும், பழகிவிடும். பலகையைச் சாய்வாக வைத்தால் கழுத்தும் தப்பிக்கிறது. 40 நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடிக்க வைத்து எழுந்துவிடுகிறேன், கோடு பாதியில் இருந்தாலும் சரி. கண்ணுக்கு எல்லோரும் சொல்லும் அந்த 20-20-20 கணக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்ப்பது, கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது, மாலையில் கண்ணில் மணல் விழுந்தது போல இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு காப்பீடு. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு அலுவலகம் பார்த்துக்கொள்ளும், நமக்கு யாரும் கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு மேல் சம்பாதிப்பவர்கள் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள், அதுவும் வலி வருவதற்கு முன்னால். பாலிசி எடுக்கும்போதே இருக்கிற நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது மட்டும் ஒரு ஆறுதல்.

படி 2: கை மணியை எண்ணுங்கள், பிறகு கதையை வெட்டுங்கள்

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு பக்கத்துக்குப் பென்சில் எத்தனை மணி, மை எத்தனை, எழுத்துப் போடுவது எத்தனை. எனக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கம் முடிக்க 7 மணி நேரம் ஆகிறது. 48 பக்கக் கதை என்றால் 336 மணி. வலி வந்தபிறகு என் கை ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம்தான் நிம்மதியாக ஓடும், அப்படியானால் 96 நாள். வாரத்துக்கு ஐந்து நாள் வரைந்தால் 19 வாரத்துக்கு மேல் போகிறது.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில். கோப்பு நவம்பர் கடைசியில் அச்சகத்துக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் டிசம்பரில் எல்லாப் பதிப்பகமும் அங்கேதான் நிற்கும். சிவகாசிப் பக்கம் கொடுப்பதாக இருந்தால் காலண்டர் சீசனையும் நினைவில் வையுங்கள். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டார்கள் என்றால் அதிலிருந்து வருடக் கடைசிவரை இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. ஆக, நவம்பர் கடைசியிலிருந்து 20 வாரம் பின்னால் போனால் ஜூலை நடு. அதற்கு மேல் காய்ச்சல், கல்யாணங்கள், தீபாவளி, கரண்ட் போவது எல்லாவற்றுக்கும் ஆறு வாரம் விடுங்கள். ஜூன் தொடக்கத்தில் முதல் பக்கத்துக்குப் பென்சில் வைக்க வேண்டும், கதை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில்தான் தோன்றியதா? அப்படியானால் இந்த ஜனவரிக்கு 24 பக்கம், மீதி அடுத்த வருடம். ஆகஸ்டில் ஆரம்பித்து 48 பக்கத்தையும் முடித்துவிடலாம் என்று நம்பித்தான் என் மணிக்கட்டு போனது.

பக்க எண்ணிக்கையில் இன்னொரு விஷயம். அச்சகத்தில் கணக்கு ‘பாரம்’ கணக்கு, பொதுவாக 16 பக்கம் ஒரு பாரம். 48 பக்கம் சரியாக மூன்று பாரம். 50 பக்கம் என்று போனால் இரண்டு பக்கத்துக்காகத் தனியாகச் செலவு செய்வீர்கள். நடுவில் பின் அடிக்கும் மெல்லிய புத்தகமாக இருந்தால் குறைந்தது 4-ஆல் வகுபட வேண்டும்.

நேரத்தைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. கட்டங்களை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போடாமல் மூன்று நான்கு அமைப்புகளை ஒரு தடவை செய்து வைத்துக்கொள்ளலாம். ஒரே டீக்கடை கதையில் எட்டுத் தடவை வருகிறது என்றால் இரண்டு கோணத்தில் நன்றாக வரைந்து மறுபடி மறுபடி எடுத்துப் போடலாம், வாசகர் கண்டுபிடிப்பதில்லை, கண்டுபிடித்தாலும் கோபப்படுவதில்லை.

படி 3: வசனப் பலூனை முதலில் போடுங்கள்

தமிழில் காமிக்ஸ் செய்கிறவர்கள் எல்லோரும் இடிபடும் இடம் இது. தமிழ்ச் சொற்கள் நீளம். ‘போய்க்கொண்டிருக்கிறான்’ என்று ஒரு பாத்திரம் சொன்னால் அந்த ஒரு சொல்லே கட்டத்தின் பாதியைத் தின்றுவிடும். ‘போயிட்டிருக்கான்’ என்று பேச்சிலேயே எழுதினால் இடமும் மிச்சம், ஆள் பேசுகிற மாதிரியும் இருக்கும். எப்படியானாலும் படத்தை முடித்துவிட்டுப் பிறகு பலூனுக்கு இடம் தேடாதீர்கள். தோராயமாகக் கட்டம் போட்டவுடன் வசனத்தை டைப் செய்து வைத்துவிட்டு, மீதி இடத்தில் வரையுங்கள். பலூனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளப்போகிற ஜன்னலுக்குக் கம்பி கம்பியாகக் கோடு போட்ட நேரமெல்லாம் வீண்.

எழுத்துருவுக்குத் திருட்டு வேலை தேவையே இல்லை. முக்த மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, மீரா இனிமை, பவனம் எல்லாம் இலவசமாக, திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, விற்கிற புத்தகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பாலூ தம்பி தடியாக, குண்டாக இருக்கும், சத்தம் போடுகிற வசனத்துக்கு எனக்குப் பிடிக்கும். சாதாரணப் பேச்சுக்கு அதைப் போட்டால் எல்லோரும் கத்திக்கொண்டே இருப்பார்கள்.

ஃபோட்டோஷாப்பில் தமிழை ஒட்டியதும் கொம்பு தனியாகக் கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? எழுத்துரு கெட்டுப்போகவில்லை. அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய், இந்திய மொழிகளுக்கான தளவமைப்பு எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் ‘வேர்ல்டு ரெடி’ என்ற பெயரில் இருக்கும். இது தெரியாமல் நான் இரண்டு நாள் ஒவ்வொரு ‘கொ’வையும் கையால் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். 14 கை மணி போச்சு.

படி 4: அச்சகத்துக்குப் போகும் முன்

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து வையுங்கள், வெட்டும்போது வெள்ளை தெரியாது. கோட்டு ஓவியத்துக்கு ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிக்குக் (டிபிஐ) குறையாதீர்கள், வண்ண அட்டைக்கு 300 போதும். அட்டை சிஎம்ஒய்கே-யில், அதாவது அச்சகத்தின் நாலு மைகளாகப் பிரித்த வண்ணத்தில், இருக்க வேண்டும். திரையில் பளீரென்று தெரிந்த அந்த நீலம் காகிதத்தில் வராது, அதற்காக அச்சகத்தாரிடம் சண்டை போடாதீர்கள். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும், நாலு மையும் கலந்திருந்தால் துளி நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். பிடிஎஃப் கொடுக்கும்போது எழுத்துகளை வடிவமாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் திறந்ததும் உங்கள் கதாநாயகன் எழுத்துக்குப் பதிலாக வெறும் பெட்டி பெட்டியாகப் பேசுவான்.

உள்ளே 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ என்ற சாதாரண வெள்ளைத் தாள் போதும், கறுப்பு நிறைய இருந்தால் 90 அல்லது 100. மெல்லிய தாளில் இருட்டுக் காட்சி வரைந்தால் பின்பக்கத்தில் பேய் மாதிரி தெரியும். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். நூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு, சில நூறைத் தாண்டினால் ஆஃப்செட்டின் (தகடு செய்து மொத்தமாக அடிக்கும் அச்சு) விலையையும் கேளுங்கள். மாதிரிப் பிரதி ஒன்றைக் காகிதத்தில் கையில் வாங்கிப் பார்க்காமல் ‘ஓட்டுங்க’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஒரு முறை போனிலேயே பார்த்துச் சரி என்றேன், இரண்டு பக்கம் இடம் மாறி, செத்தவன் அடுத்த பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய அடையாள எண், அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நாள் பிடிக்கும், அதனால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

படி 5: விளம்பரம், அதே கட்டைவிரலால்

இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன். பிசியோதெரபிஸ்ட் என் போனை வாங்கி, தினமும் எவ்வளவு நேரம் திரை ஓடியது என்று பார்த்தார். நான்கு மணி நேரம். ‘இதுவும் அதே தசைநார்தான்’ என்றார். பகலில் வரைந்து உழைத்த கட்டைவிரல், ராத்திரி ‘நன்றி’, ‘மிக்க நன்றி’, ‘விலை உள்பெட்டியில்’ என்று டைப் செய்து கொண்டிருந்திருக்கிறது. ஓய்வு என்று நான் நினைத்தது ஓய்வே இல்லை. இப்போதெல்லாம் விளம்பரத்தையும் கை மணியில்தான் கழிக்கிறேன்.

அதனால் வாயால் செய்ய முடிந்ததை வாயால் செய்யுங்கள். போன் விசைப்பலகையில் தமிழில் பேசினால் டைப் ஆகிவிடும், புள்ளி கமா மட்டும் பிறகு வைத்தால் போதும். தெரிந்தவர்களுக்குக் குரல் செய்தி. நீளமான பதில்களைக் கணினியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அடியுங்கள், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை மொத்தமாக.

விளம்பரத்துக்கென்று தனியாகப் படம் வரையாதீர்கள். பண்டிகைக்கு ஒரு வாழ்த்து ஓவியம், கிரிக்கெட்டில் ஜெயித்தால் ஒன்று, பிரபலம் யாராவது இறந்தால் ஒன்று என்று நான் ஒரு வருடம் வரைந்தேன், விருப்பக்குறிகள் குவிந்தன, அதிலிருந்து ஒரு புத்தகமும் விற்கவில்லை. வேலை நடக்கும்போது மிச்சமாக விழுவதைப் போடுங்கள்: பென்சில் பக்கம், அதே பக்கம் மை போட்டபிறகு, வெட்டிப்போட்ட கட்டம், டீக்கடைக்காக எடுத்த புகைப்படம். இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் 20 படம் வரை போடலாம் என்பதால் கதையின் முதல் நான்கு பக்கங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து முழுதாகவே கொடுத்துவிடலாம். கதை ஆரம்பித்து ஒரு முடிச்சில் நிற்க வேண்டும், ‘மீதி புத்தகத்தில்’ என்று. ஆரம்பம் பிடித்துப்போய்ப் புத்தகம் வாங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம்.

வாட்ஸ்அப்பை லேசாக நினைக்காதீர்கள். ஒரு ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். புத்தகம் வாங்குகிறவரிடம் ‘நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, அடுத்தது வந்தா சொல்றேன்’ என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சேர்ந்த நூறு பேர், முகம் தெரியாத பத்தாயிரம் பேரைவிட அதிகம் வாங்குகிறார்கள். இது என் அனுபவம், உங்களுக்கு வேறாக இருக்கலாம். மாதம் ஒரு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பவே அனுப்பாதீர்கள்.

நம்மைப் பற்றி நாமே சொல்வதா என்ற கூச்சம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு உதவியது ஒன்றுதான்: என்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுக் கதையில் வரும் டீக்கடைக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் என்ன செய்தார், ஏன் கடையை மூடினார் என்று சொல்லும்போது கூச்சம் வருவதில்லை. அட்டைக்கு எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பது மட்டும் போகவில்லை. படுக்கும் அறைக்கு வெளியே போனைச் சார்ஜில் போடுவது அதற்குத்தான்.

படி 6: விலை, கடை, மேஜை

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 500 பிரதி, ஒன்றுக்கு அச்சுச் செலவு 60 ரூபாய், விலை 200. கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு 120, அச்சுச் செலவு போக 60. ஐந்நூறும் விற்றுத் தீர்ந்தால் 30,000 ரூபாய். 336 மணியால் வகுத்தால் ஒரு கை மணிக்கு 89 ரூபாய் சொச்சம். அதையே புத்தகக் காட்சி வழக்கப்படி 10 சதவீதக் கழிவில் நேரில் விற்றால் பிரதிக்கு 120 மிஞ்சும், ஒரு கை மணிக்கு 178 ரூபாய். இதில் கதை எழுதிய நேரமும் விளம்பர நேரமும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் விலையை ஏற்றத் தைரியம் வந்தது அன்றைக்குத்தான்.

சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரே ஒரு புத்தகத்துக்காக ஸ்டால் எடுப்பது கட்டுப்படியாகாது. காமிக்ஸோ சிறுவர் நூல்களோ போடும் பதிப்பகத்தார் யாரிடமாவது பேசி அவர்கள் ஸ்டாலில் வைக்கச் சொல்லுங்கள். எத்தனை பிரதி கொடுத்தீர்கள், கழிவு எவ்வளவு, கணக்கு எந்தத் தேதியில் முடிப்பது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெடாது, எழுதாமல் விட்டால்தான் கெடும். ஜூலை வாக்கில் கோவை, ஆகஸ்டில் ஈரோடு என்று மற்ற ஊர்க் காட்சிகளும் இருக்கின்றன, மிச்சப் பிரதிகளை அங்கே அனுப்பலாம். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா நடந்தது. அங்கே ஓவியர்களுக்கு மேஜை உண்டு, ஆனால் தமிழ் காமிக்ஸைவிட ஸ்டிக்கரும் போஸ்டரும்தான் அதிகம் போகும், அதற்குத் தகுந்தபடி கொண்டுபோங்கள்.

ஸ்டாலில் உட்காரும் நாட்களில் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் படம் வரைந்து கையெழுத்துப் போடும் ஆசை வரும். முதல் நாள் நானும் 40 படம் வரைந்தேன், இரண்டாம் நாள் பட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது டீக்கடைக்காரரின் முகத்தை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வைத்திருக்கிறேன். குழந்தைகள் கையை நீட்டி அவர்களே குத்திக்கொள்கிறார்கள், அது வரைந்து கொடுத்ததைவிட நன்றாக ஓடுகிறது.

காட்சி முடிந்த மறுநாள் மிச்சப் பிரதிகளை எண்ணி எழுதுங்கள், பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், கரையான் வரும். அடுத்த இரண்டு வாரம் பென்சில் தொடாதீர்கள். பெட்டியைத் தூக்க இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள். போன வருடம் நான் தனியாகத்தான் மூன்று பெட்டியை மாடிக்கு ஏற்றினேன், இதைக்கூட இப்போது போனில் வாயால் சொல்லித்தான் டைப் செய்கிறேன்.